ஹியூகோ டெம்ப்ளேட்டில் தேதி: 2006-ஐ 2024 என்று மாற்றி எழுதினால் என்ன வரும்?

ஜெக்கில்லில் தளம் வைத்திருக்கும் நண்பர், ஹியூகோவுக்கு மாறலாமா என்று கேட்டார். இரண்டுமே எழுதிய கோப்புகளிலிருந்து வலைத்தளத்தை உருவாக்கித் தரும் கருவிகள். பக்கம் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் கோப்புதான் டெம்ப்ளேட். வேகம், தீம், நிறுவும் முறை எல்லாம் அவருக்கே தெரியும். எனவே இது தேதி, நேரம் பற்றி மட்டும்.

தேதியின் வடிவத்தைச் சொல்ல ஜெக்கில்லில் சதவீதக் குறி போட்டு ஓர் எழுத்து: சின்ன எம் மாதம், பெரிய எம் நிமிடம். இரண்டையும் மாற்றிப் போடாதவர்கள் குறைவு. ஹியூகோவில் எழுத்துக் குறியீடே இல்லை. அது கோ என்ற நிரல்மொழியின் முறை. 2006 ஜனவரி 2, பிற்பகல் 3 மணி 4 நிமிடம் 5 விநாடி என்ற ஒரே ஒரு மாதிரி நேரத்தை உங்களுக்கு வேண்டிய வடிவில் எழுதிக் காட்ட வேண்டும். மாதம் 1, நாள் 2, மணி 3, நிமிடம் 4, விநாடி 5, ஆண்டு 6, நேர வலயம் 7. நம் வழக்கப்படி நாள் முதலில் வர 02-01-2006, 24 மணிக் கணக்குக்கு 15:04, 12 மணிக் கணக்குக்கு 03:04. டெம்ப்ளேட்டைப் பார்த்தாலே வெளியீடு எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும். இது உண்மையிலேயே நல்ல யோசனை.

எரிச்சல், தப்பாக எழுதும்போதுதான். பிழைச்செய்தியே வராது. 2006 என்பது ஏதோ பழைய ஆண்டு என்று நினைத்து ஒருவர் 02-01-2024 என்று திருத்திவிட்டார் என்று வையுங்கள். 2024 ஆகஸ்ட் 15 காலை 10:30-க்கு வெளியான பக்கத்தில் 15-08-151530 என்று அச்சாகும். 2024-இல் உள்ள முதல் 2-ஐ நாள் என்றும், அடுத்த 02-ஐ மறுபடி நாள் என்றும், கடைசி 4-ஐ நிமிடம் என்றும் அது படிக்கிறது. பில்டு, அதாவது தளத்தை உருவாக்கும் வேலை, பச்சை விளக்கோடு முடியும். இதைவிட மோசமானது 01-02-2006. மாதம் முன்னால் வந்துவிடும், ஆனால் 12-ஆம் தேதி வரை யாருக்கும் சந்தேகமே வராது. 15:04-க்குப் பக்கத்தில் பிஎம் சேர்த்தால் 14:30 பிஎம். வலயத்தின் பெயர் வர, மாதிரி நேரத்தின் வலயமான எம்எஸ்டி என்றுதான் எழுத வேண்டும். இந்திய நேரம் என்று நினைத்து ஐஎஸ்டி என்று எழுதினால் அது வெறும் எழுத்தாகவே நிற்கும், நேரம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருந்தாலும்கூட. இவ்வளவு பேர் பயன்படுத்தும் கருவி இதற்கு ஒரு எச்சரிக்கை வரியாவது காட்ட வேண்டாமா?

மகிழ்ச்சி தந்த விஷயம் ஒன்று உண்டு. 0.87 பதிப்பிலிருந்து தமிழ் மாதப் பெயர்கள் தானாக வருகின்றன. தளத்தின் இயல்பு மொழியைத் தமிழாக வைத்துவிட்டு, டைம்.ஃபார்மேட் ஃபங்ஷனில் கோலன் போட்டு டேட்_லாங் என்று கொடுத்தால் "15 ஆகஸ்ட், 2024" என்று வருகிறது. பன்னிரண்டு மாதத்துக்கும் தனி டேட்டா ஃபைல் எழுதிய காலம் போயிற்று. ஆனால் பல தீம்களில் இருப்பது .டேட்.ஃபார்மேட். அது கோ மொழியின் நேரடி மெத்தட், மொழிபெயர்க்காது. ஒரே பக்கத்தில் மேலே ஆகஸ்ட் தமிழிலும் அடியில் ஆங்கிலத்திலும் இருந்தால் காரணம் இதுதான். நீங்களே எழுதும் வடிவத்தில் மாதம், கிழமைப் பெயர்கள் மட்டுமே மாறும். ஏஎம், பிஎம் ஆங்கிலத்திலேயே இருக்கும்.

தேதியே இல்லாத பக்கத்தில் ஆண்டு 0001 என்று வரும். தேதி காட்டும் வரியை வித் .டேட் என்ற நிபந்தனைக்குள் சுற்றி எழுதினால் போதும். வெற்றுத் தேதியை ஹியூகோ பொய் என்றே எடுத்துக்கொள்கிறது. வெறும் கோ டெம்ப்ளேட்டில் இந்த வசதி கிடையாது.

இனி வலயம். பக்கக் கோப்பின் தலைப்பில் தேதி முதலியவற்றை எழுதும் பகுதியான ஃப்ரன்ட் மேட்டரில் வலயம் குறிக்காத நேரத்தை ஹியூகோ யுடிசி என்று கொள்ளும். காலை 9:00 என்று எழுதிய பக்கம் நமக்குப் பிற்பகல் 2:30 வரை எதிர்காலப் பக்கம், ஆகவே பில்டில் சேராது. இங்கும் பிழைச்செய்தி இல்லை, பக்கம் காணாமல் போயிருக்கும். ஹியூகோ லிஸ்ட் ஃப்யூச்சர் கட்டளை காட்டிக்கொடுக்கும். தளத்தின் அமைப்புக் கோப்பான கன்ஃபிக்கில் டைம்ஸோன் ஆசியா/கொல்கத்தா என்று வைப்பதுதான் தீர்வு. ஏற்கெனவே இசட் (யுடிசிக்கான குறி) அல்லது +05:30 போட்ட தேதிகளை அது தொடாது. கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியின் வரலாற்றிலிருந்து கடைசித் திருத்தத் தேதி எடுப்பவர்கள், பில்டு சர்வரில் முழு வரலாற்றையும் இறக்க வேண்டும். கடைசி கமிட் (கடைசியாகப் பதிந்த மாற்றம்) மட்டும் இறங்கினால் எல்லாப் பக்கத்திலும் ஒரே தேதி நிற்கும்.

தமிழ்த் தேதிக்கு இவ்வளவு நன்றாக உதவும் கருவிதான். ஆனாலும் நண்பருக்கு என் பதில்: பலர் சேர்ந்து எழுதும் தளம் என்றால் மாறாதீர்கள். சத்தமில்லாமல் தப்பும் தேதியை ஒவ்வொரு பக்கமாகத் தேடித் திருத்த உங்களுக்கு நேரம் இருக்காது.

இல்லை, மாறியே தீருவேன் என்றால், எல்லாத் தேதி வடிவத்தையும் ஒரே பார்ஷியலில் (பல டெம்ப்ளேட்டுகள் பகிரும் துண்டுக் கோப்பு) வைத்து அங்கிருந்தே அழையுங்கள். 2019-11-25, 17:48:39, +05:30 என்ற தேதியோடு ஒரு சோதனைப் பக்கம் போடுங்கள். நாளும் மணியும் 12-ஐத் தாண்டியவை, எந்த இரண்டு எண்ணும் ஒன்றல்ல. எது இடம் மாறினாலும் கண்ணில் படும்.