ஹாங்காங்கின் ‘டிங் டிங்’ டிராம்: ஒரு பயணியின் மதிப்பீடு

1904 முதல் ஹாங்காங் தீவின் வடபகுதியில் ஓடிக்கொண்டிருக்கும் டிராம் வண்டியை, அதன் மணியோசையை வைத்து ‘டிங் டிங்’ என்றே ஊரார் அழைக்கிறார்கள். மேற்கே கென்னடி டவுனுக்கும் கிழக்கே ஷாவ் கெய் வானுக்கும் இடையே ஓடும் இந்த ஈரடுக்கு வண்டியில் பின்வாசல் வழியாக ஏறி, இறங்கும்போது முன்வாசலில் கட்டணம் செலுத்த வேண்டும். எவ்வளவு தொலைவு சென்றாலும் கட்டணம் ஒன்றுதான். மூன்று ஹாங்காங் டாலரும் சில்லறையும்.

தண்டவாளம் போடப்பட்ட காலத்தில் அதன் பல பகுதிகள் கடலோரமாகவே சென்றன. பிறகு கடலைத் தூர்த்துத் தூர்த்து நிலமாக்கியதால், இன்று அதே தடம் வானளாவிய வங்கிக் கட்டடங்களுக்கு நடுவே செல்கிறது. நகரம் எவ்வளவு தூரம் கடலுக்குள் வளர்ந்திருக்கிறது என்பதை மேல்தளத்து முன்னிருக்கையில் அமர்ந்து பார்ப்பதைப் போல வேறெங்கும் நான் உணர்ந்ததில்லை.

1985இல் இதே தடத்தையொட்டி மெட்ரோ ரயில் வந்த பின்பும் டிராம் நிற்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளும் காய்கறிப் பையுடன் வரும் மூதாட்டிகளும் அன்றாடம் ஏறுவதே அதற்குக் காரணம் என்பது என் உறுதியான கருத்து. கண்ணாடிப் பேழைக்குள் வைக்கப்பட்டிருந்தால் இது என்றோ மறக்கப்பட்டிருக்கும். 2011இல் அறிமுகமான வண்டிகளில் தேக்குக்குப் பதிலாக அலுமினியச் சட்டகம் வந்தது. ஆனால் வெளித்தோற்றத்தின் பழைய சாயலைக் கைவிடாமல் உள்ளே புதுப்பித்த நிதானம் பாராட்டத்தக்கது. சென்ட்ரல் பகுதியில் நெரிசலைக் குறைக்க டிராமை அகற்றலாம் என்று 2015இல் எழுந்த யோசனையையும், பெரும் எதிர்ப்பு கிளம்பியதால், நகரத் திட்ட வாரியம் ஏற்கவில்லை.

குறைகளும் உண்டு. பெரும்பாலான வண்டிகளில் குளிர்சாதனம் இல்லாததால் கோடையில் வெக்கை தாங்க முடியாது. மாடிப்படி குறுகலாகவும் செங்குத்தாகவும் இருப்பதால் முதியவர்கள் கீழ்த்தளத்திலேயே நின்றுவிடுகிறார்கள். மேலிருந்து தெரியும் காட்சி அவர்களுக்குக் கிடைப்பதில்லை என்பது வருத்தமே. அவசர வேலை இருப்பவர்கள் மெட்ரோவில் செல்லலாம்.

நேரம் இருப்பவர்கள் நார்த் பாயின்ட் செல்லும் வண்டியில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை செல்ல வேண்டும். முடிவில் அது சுன் யோங் தெருச் சந்தைக்குள் மெல்ல நுழைகையில், மணியோசை கேட்டு மக்கள் விலகி வழிவிட்டு, வண்டி கடந்ததும் மீண்டும் தண்டவாளத்தின் மேலேயே நின்று மீனுக்கும் கீரைக்கும் விலை கேட்பதைக் காணலாம்.