பி.டி. பீரியடா, பாடத்துக்கு நடுவே பத்து நிமிடமா?

ஓடியாடினால் படிப்பு கெடாது, கூடும். சரி, நேரம் குறைவான பள்ளியில் எதைப் பிடித்துக்கொள்வது: மைதானத்தில் ஆடும் பி.டி. பீரியடையா, வகுப்பறையிலேயே பாடத்துக்கு நடுவே எழுந்து அசையும் பத்து நிமிடத்தையா?

கவனம்: பாடத்துக்கு நடுவே வரும் அசைவுதான் முந்துகிறது. 2009-இல் வெளியான இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வில், 20 நிமிடம் டிரெட்மில்லில் நடந்த பிள்ளைகள், சும்மா உட்கார்ந்திருந்த நாளைவிடக் கவனச் சோதனையை நன்றாகச் செய்தார்கள். இந்தப் பலன் உடனடியானது. அசைவு முடிந்ததும் பாடம் வந்தால்தான் அது படிப்புக்கு உதவும். கடைசி மணியில் வைக்கும் பி.டி.யால் அன்றைய பாடத்துக்கு என்ன லாபம்?

உடல்வலு: சந்தேகமில்லாமல் பி.டி. 5 முதல் 17 வயதுவரை நாளுக்குச் சராசரி 60 நிமிடம் மிதமானது முதல் கடுமையானது வரையான அசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கபடி, கோ-கோ போல மூச்சு வாங்க ஆடுவதற்கு வகுப்பறை போதாது. சேர்ந்து ஆடும் பழக்கமும் மைதானத்தில்தான் வரும்.

செலவு: பி.டி.க்கு மைதானமும் ஆசிரியரும் வேண்டும். மற்றதற்கு மேசைகளுக்கு நடுவே கொஞ்சம் இடம் போதும்.

நிலைப்பு: தேர்வு நெருங்கினால் பி.டி.யைக் கணக்குப் பாடம் எடுத்துக்கொள்கிறது. இது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

தொடக்க வகுப்புகளுக்கும் மைதானமில்லாத பள்ளிகளுக்கும் பத்து நிமிடம் பொருந்தும். ஆறாம் வகுப்புக்கு மேல் பி.டி.யை விடவே கூடாது. முடிந்தால் காலையிலேயே வையுங்கள்.