எத்திலீன் சாஷே: நல்லாத்தான் இருக்கு, கவர்ல போட்டதுதான் தப்பு

காய்கறி சீக்கிரம் கெடாம இருக்க டப்பாக்குள்ள போடுற, எத்திலீன் வாயுவை இழுத்துக்கிற சாஷே (குட்டிப் பொட்டலம்) வாங்கி ஒன்றரை மாசமா யூஸ் பண்றேன், வேலை செய்யுது, ஆனா கவர்ல "சுவாசத்தை நிறுத்தும்"னு போட்டிருக்காங்க பாருங்க, அதான் கடுப்பு. ஏங்க, சுவாசம் நின்னா கேரட் செத்துப்போச்சுன்னு அர்த்தம். பறிச்ச பிறகும் செல்லுக்குள்ள மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்கு எனர்ஜி தர்ற குட்டி இன்ஜின்) ஓடிக்கிட்டேதான் இருக்கும், சேத்து வச்ச சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமா எரிச்சுக்கிட்டு, அது தறிகெட்டு ஓடாம பாத்துக்கிட்டா போதும்.

ஓட வைக்கிறது பழுத்த ஆப்பிள், வாழைப்பழம் விடுற எத்திலீன் வாயு. உருளைக்கிழங்குல 1970கள்லயே பாத்திருக்காங்க, எத்திலீன் பட்டா சுவாசம் ஏறுது, சயனைடு ஆவி பட்டாலும் ஏறுது! சயனைடு மைட்டோகாண்ட்ரியாவோட கடைசி என்சைமையே அடைச்சிடும், நமக்குன்னா அதோட கதை முடிஞ்சுது. கிழங்கு மாதிரி தாவரங்களுக்கு ஆல்டர்னேட்டிவ் ஆக்ஸிடேஸ்னு இன்னொரு என்சைம், ஒரு பைபாஸ் ரோடு மாதிரி இருக்கு, சர்க்கரை எரியுறப்போ வர்ற எலக்ட்ரான் அது வழியா ஆக்ஸிஜன்கிட்ட போயிடும், ஏடிபி (செல்லு செலவு பண்ற எனர்ஜி) கம்மியா வரும், மிச்சமெல்லாம் சூடாப் போயிடும். சேமிப்பு கரையுறதுதான் மிச்சம்.

சரி, சாஷேக்கு வரேன். உள்ள பொட்டாசியம் பர்மாங்கனேட் ஏத்தின குட்டி உருண்டைங்க, கத்திரிப்பூ கலர்ல, எத்திலீனை ஆக்ஸிடைஸ் பண்ணப் பண்ண பழுப்பாயிடும். ஒண்ணைப் பிரிச்சுப் பாத்தேன், வெளியே பழுப்பு, நகத்தால உடைச்சா நடுவுல இன்னும் கத்திரிப்பூ, ஆக பாதிதான் தீந்திருக்கு. (விரல்ல ஏறின கறை ரெண்டு நாள் போகல, நீங்க பிரிக்காதீங்க.)

ரெண்டு டப்பால கேரட்டும் ஆளுக்கு ஒரு ஆப்பிளும் போட்டு ஒண்ணுல மட்டும் சாஷே வச்சேன். ரெண்டு வாரம் கழிச்சு சாஷே இல்லாத கேரட்டைக் கடிச்சா அடிநாக்குல கசப்பு அப்படியே நிக்குது, எத்திலீன் பட்டா கேரட்டுல உருவாகுற ஐசோகூமரின் வேலை அது. இன்னொண்ணு நார்மலா இனிச்சுது.

மூடி டைட்டா இருக்கணும், ஃப்ரிட்ஜ் டிராயர்ல சும்மா போட்டப்போ ஒரு வித்தியாசமும் தெரியல. குளிர்ச்சிக்கு பதிலாவும் இது ஆகாது, வெளிய வச்சா சாஷே இருந்தாலும் மைட்டோகாண்ட்ரியா வேகமாத்தான் ஓடும். ஆப்பிளைத் தனியா வைக்க இடம் இருந்தா காசை மிச்சம் பண்ணுங்க. எனக்கு இடம் இல்ல, அதனால அடுத்த பாக்கெட்டும் வாங்குவேன், நாலு ஸ்டார்.