கேவிட்டி செய்து கொடுத்த லேத் பட்டறை: இராணிப்பேட்டை அனுபவம்

ஆற்றல் மீட்பு முடுக்கிகளில் எலெக்ட்ரான் கற்றை ஏன் நிலைகுலைகிறது என்பதைக் காட்பாடியில் முதுகலை இயற்பியல் மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாகக் கரும்பலகையிலேயே விளக்கி அலுத்துப்போன நான், கையில் எடுத்துக் காட்ட ஒரு கேவிட்டி (உள்ளே ரேடியோ அலை ஊசலாடிக் கற்றையை முடுக்கும் உலோக அறை) மாதிரி வேண்டும் என்று இராணிப்பேட்டை சிப்காட் பக்கமுள்ள ஒரு சிறிய லேத் பட்டறைக்குப் போனேன்.

1965-ல் மாரி டிக்னர் முன்வைத்த யோசனைப்படி, வேலை முடிந்த கற்றை எதிர்க்கட்டத்தில், அதாவது புலம் அதைத் தள்ளாமல் தடுக்கும் நேரத்தில், அதே கேவிட்டிக்குத் திரும்பி வந்து தன் ஆற்றலைக் கொடுத்துவிட்டுப் போக, அதைக் கொண்டு அடுத்து வரும் எலெக்ட்ரான் கொத்துகள் முடுக்கப்படுகின்றன. சிக்கலும் இந்தத் திரும்பி வருதலில்தான் இருக்கிறது. முடுக்கும் மின்காந்த அலைவைத் தவிர, கற்றையைப் பக்கவாட்டில் உதைக்கும் இருமுனை அலைவுகளும் கேவிட்டிக்குள் உண்டு. அவற்றிடம் சிறிய உதை வாங்கிய கொத்து, ஒரு சுற்று முடித்து வரும்போது மையம் விலகி வருகிறது. வந்து சேரும் நேரம் பொருந்திவிட்டால் அந்த விலகலே உதைத்த அலைவுக்குத் தீனி போடுகிறது; வரம்பு மின்னோட்டத்தைத் தாண்டியதும் தள்ளாட்டம் சுற்றுக்குச் சுற்று பெருகிக் கற்றை குழாய்ச் சுவரில் மோதுகிறது. அமெரிக்காவின் ஜெபர்சன் ஆய்வகத்தில் சுமார் 2.7 மில்லியாம்பியரிலேயே இதைக் கண்டார்கள்.

அந்த ஆய்வகத்தின் கேவிட்டிகள் 1497 மெகாஹெர்ட்ஸில் இயங்குபவை என்பதால், அதே அதிர்வெண் வருமாறு 153.3 மி.மீ. உள்விட்டமுள்ள அலுமினிய வளையமும் இரண்டு மூடிகளும் வரைந்து கொடுத்தேன். உரிமையாளர் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “உள்ள என்ன சார் வைக்கப் போறீங்க?” என்றார். ஒன்றுமில்லை, காற்றுதான் என்றேன். காற்றுக்கு எதற்கு இவ்வளவு துல்லியம் என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஆரத்தில் 0.1 மி.மீ. பிசகினால் அதிர்வெண் கிட்டத்தட்ட 2 மெகாஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும் என்று சொன்னதும், மறுபேச்சில்லாமல் டயல் கேஜை எடுத்துவரச் சொன்னார். உட்புறத்தைக் கடையும் போரிங் வேலையின் வழவழப்பைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

குறைகள் வேறு இடத்தில் இருந்தன. பத்து நாளில் தருவதாகச் சொன்ன ஜாப் 26 நாள் இழுத்தது. மூடிகளின் முகம் சமமாக உட்காராததால் ஒத்ததிர்வு மழுங்கிக் கிடந்தது. எடுத்துப்போனபோது கூலி கேட்காமல் மறுபடி பேசிங் செய்து (முகத்தைச் சமமாகக் கடைந்து), ஆறு திருகுகளைப் பன்னிரண்டாக்கிக் கொடுத்தார்கள். பெரிய பிழை, ஆன்டெனா துளை போடுவதற்காக வளையத்தை வைஸில் இறுக்கிப் பிடித்ததுதான். மெல்லிய சுவர் நசுங்கி, ஒரு விட்டத்துக்கும் அதற்குச் செங்குத்தான விட்டத்துக்கும் 0.3 மி.மீ. வேறுபாடு வந்துவிட்டது.

எந்தெந்த அதிர்வெண்ணில் ஒத்ததிர்கிறது என்று அளந்து காட்டும் நெட்வொர்க் அனலைசரில் இணைத்தபோது, 2385 மெகாஹெர்ட்ஸ் அருகே ஒற்றை முகடாக நிற்க வேண்டிய இருமுனை அலைவு, சுமார் 2 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் இரட்டை முகடாக நின்றது. முழு வட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒளிந்திருக்கும் கிடை அலைவும் நெடு அலைவும் நசுங்கலால் பிரிந்துவிட்டன. கிடையாக விலகிய கற்றையை நெடுவாக விலகியதாகத் திருப்பி அனுப்பினால், உதைத்த அலைவுக்கே அது தீனி போட முடியாது என்பது ஜெபர்சன் ஆய்வகத்தில் செய்து பார்த்த தீர்வுகளுள் ஒன்று. அலைவுகள் இப்படிப் பிரிந்திருந்தால்தான் அந்த உத்தி நன்றாகப் பலிக்கும். ஐ.சி. சிப்புகளோடு வரும் கறுப்பு ஸ்பாஞ்சில் ஒரு துண்டை ஒரு மாணவி உள்ளே போட்டதும் இரண்டு முகடுகளும் படுத்துவிட்டன. வேண்டாத அலைவை உறிஞ்சித் தணிக்கும் இன்னொரு வழிக்கு அதைவிட நல்ல செயல்விளக்கம் எனக்குக் கிடைத்திருக்காது.

பொருளும் கூலியும் சேர்த்து 4,800 ரூபாய் ஆனது. அவசர வேலைக்கு இந்தப் பட்டறையைப் பரிந்துரைக்க மாட்டேன். எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு செய்பவர்கள் வேண்டுமென்றால் தாராளமாகப் போகலாம். நசுங்கிய வளையத்தைத் திருப்பித் தரவில்லை. நசுங்காத இன்னொன்றுக்கு முன்பணம் கொடுத்து, வரைபடத்தின் ஓரத்தில் ‘வைஸில் பிடிக்கக் கூடாது’ என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்.