நாலு ரோடு பழைய புத்தகக் கடையும் ஒரு சிவா புத்தகமும்

தருமபுரி நாலு ரோட்டுப் பக்கம் பழைய புத்தகக் கடை தேடுகிறவர்கள் இங்கே தாராளமாகப் போகலாம். வாசலை நீட், டிஎன்பிஎஸ்சி கைடுகள் அடைத்துக்கொண்டு நிற்கும், அதைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள், கடைசி ரேக்கில்தான் சரக்கு. விலை கொஞ்சம் ஏற்றித்தான் சொல்வார். "அண்ணா, பார்த்துப் போட்டுக் குடுங்க" என்றால் இறங்கி வருவார். ஜிபே உண்டு.

அங்கே எடுத்ததுதான் சுதந்திரப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவாவின் வாழ்க்கையைச் சொல்லும் ஒரு சின்னப் புத்தகம். அட்டை கிழிசல், வீட்டுக்கு வருவதற்குள் நடுப்பக்கங்கள் கழன்றுவிட்டன. ஜெயில் பகுதி நன்றாக வந்திருக்கிறது. 1908-ல் வ.உ.சி.யோடு கைதானது, பத்து வருஷத் தண்டனை அப்பீலில் ஆறானது, 1912-ல் தொழுநோயோடு வெளியே வந்தது எல்லாம் விறுவிறுவென்று போகிறது.

அப்புறம்தான் எனக்குக் கோபம் வந்தது. ராஜத்துரோக வழக்கில் உள்ளே போய் வந்த மனுஷன், உடம்பில் நோயோடு, அடுத்த வருஷமே 'ஞானபானு' என்று மாத இதழ் தொடங்குகிறார். பாண்டிச்சேரியில் ஒதுங்கியிருந்த பாரதி அதில் எழுதுகிறார், வ.உ.சி. எழுதுகிறார். சமஸ்கிருதம் கலக்காத தமிழில் கட்டுரை எழுதினால் ஐந்து ரூபாய் இனாம் என்று 1915-ல் அறிவிப்பு வேறு. இவ்வளவு சுவாரசியமான விஷயத்துக்கு இந்த ஆசிரியர் ஒதுக்கியது ஒன்றரைப் பக்கம்! நான் அச்சகத்தில் வேலை பார்க்கிறவன், எனக்கு வேண்டியதே அதுதான். எந்த பிரஸ்ஸில் அடித்தார்கள், சந்தா ஒழுங்காக வந்ததா, பேப்பர் கடன் எவ்வளவு, மரத்துப்போன விரலை வைத்துக்கொண்டு புரூஃப் எப்படித் திருத்தினார்? ஒன்றையும் தொடவில்லை.

நம்ம தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டிக்கும் அதே கதிதான். நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறவிடாததால் நடந்தும் மாட்டு வண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசியவர், கடைசியில் வந்து தங்கியது இங்கே. அங்கே பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட 1923-ல் வங்கத்துக் காங்கிரஸ் தலைவர் சித்தரஞ்சன் தாஸையே கூட்டிவந்து அடிக்கல் நாட்டவைத்தார். 1925 ஜூலையில் அங்கேயே இறந்தார், நாற்பது வயதுதான். புத்தகத்தில் இதெல்லாம் இரண்டே பத்தி.

ஜெயில் பகுதிக்காக மட்டும் வாங்கலாம், பாதி விலைக்கு மேல் கொடுக்காதீர்கள். பழைய பத்திரிகைகளின் பைண்டு வால்யூம் ஏதாவது வந்தால் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், கடைக்காரர் நம்பர் வாங்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் போகாதீர்கள், ஷட்டர் இறங்கியிருக்கும்.