புது மாஸ்டர் பம்ப் என்று பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள்: மலையில் கார் ஓட்டுபவர்கள் கவனத்துக்கு

நுவரெலியா – கம்பளை வீதியில் அடிக்கடி இறங்குபவர்கள் இதை ஒருமுறை வாசிச்சிருங்க. பிரேக் வேலை என்று சொல்லி என்னிடம் 42,000 ரூபாய் வாங்கினார்கள். காரில் மாறியது மாஸ்டர் பம்பின், அதாவது பெடலை மிதித்தால் பிரேக் ஒயிலைச் சில்லுகளுக்குத் தள்ளும் பம்பின், நிறம் மட்டும்தான்.

கார் பழைய ஆல்டோ. முன்னுக்கு டிஸ்க் பிரேக், பின்னுக்கு ட்ரம் பிரேக். டவுனுக்குள் ஓடும்போது ஒரு குறையும் இல்லை. லபுக்கலை தாண்டி இறம்பொடை வளைவுகளில் இறங்கும்போதுதான் கோளாறு. பெடல் மெத்தென்று உள்ளே போகும். முன் இடது சில்லில் இருந்து கருகிய வாடை வரும். பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும். ஓரமாக நிறுத்தி ஆறவிட்டால் பெடல் பழையபடி கெட்டியாகிவிடும்.

இதை அப்படியே சொல்லித்தான் கராஜில் விட்டேன். சில்லைக் கழற்றிப் பார்க்காமலே, "அண்ணே, மாஸ்டர் பம்ப் போயிருச்சு, பேடும் முடிஞ்சிருச்சு. ரெண்டையும் மாத்தாம மலையில இறங்கிறாதீங்க" என்றார்கள். மலை, பிரேக் என்ற இரண்டு சொல்லையும் சேர்த்துச் சொன்னால் இங்கே யாரும் பேரம் பேச மாட்டார்கள், அது அவர்களுக்கு நல்லாவே தெரியும். பில்லில் புதுப் பம்ப், புதுப் பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை), பிரேக் ஒயில், கூலி எல்லாம் தனித்தனியாக இருந்தது. கழற்றின சாமான் எங்கே என்று கேட்டேன். பழைய இரும்புக்காரன் கொண்டுபோய்விட்டானாம்.

அடுத்த முறை இறங்கும்போது அதே வாடை, அதே பெடல். புசல்லாவையில் வயதான மெக்கானிக் பாஸ் ஒருவரிடம் காட்டினேன். அவர் முதலில் திறந்தது ஒயில் டப்பாவின் மூடியை. உள்ளே ஒயில் பிளேன்டி (பால் ஊற்றாத தேத்தண்ணி) மாதிரிக் கறுத்திருந்தது. "பம்ப மாத்துனா ஒயில் வடியாம இருக்காது தம்பி. புதுசு ஊத்தி, லைனுக்குள்ள இருக்கிற காத்த எடுத்துத்தான் குடுக்கணும். அப்ப இந்தக் கருப்பு எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டுக்கொண்டே பம்பை ஸ்க்ரூட்ரைவரால் சுரண்டினார். வெள்ளி நிற ஸ்பிரே பெயின்ட் உரிந்தது, அடியில் துரு. சில்லைக் கழற்றினால் பேடும் பழையதுதான், மேலே சேண்ட் பேப்பர் போட்டுத் தேய்த்திருந்தார்கள். புதுப் பேடில் தேயும் பகுதி, அதாவது லைனர், 10 மில்லிமீற்றர் அளவுக்கு இருக்கும். இதில் 3 கூடத் தேறவில்லை.

உண்மையான கோளாறு காலிப்பரில், அதாவது பேடை டிஸ்க்கில் அழுத்தும் பிடியில். அது நகர்வதற்கு இருக்கிற பின் (ஆணி மாதிரியான இரும்புத் துண்டு) துருப்பிடித்து இறுகியிருந்தது. அதனால் காலை எடுத்த பிறகும் பேட் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கம்பளைக்குள் ஆயிரம் மீற்றருக்கு மேல் இறங்கிவிடுகிறோம், பிரேக்கில் வரும் அந்தச் சூட்டில் ஒரு பங்கு ஒயிலுக்கும் போகும். பிரேக் ஒயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 (DOT 3) வகை பிரேக் ஒயில் புதிதாக இருந்தால் கொதிக்க 205 பாகை செல்சியஸாவது வேண்டும், தண்ணீர் சேர்ந்தால் 140 பாகை அளவிலேயே கொதித்துவிடும். கொதித்தால் ஒயில் போகும் லைனில் ஆவி. ஆவி அமுங்கும், ஒயில் அமுங்காது. மெத்தென்ற பெடலும், ஆறினதும் அது சரியாகிவிடுவதும் இதனால்தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒயில் மாற்றச் சொல்வதும் இதற்காகத்தான்.

மாஸ்டர் பம்ப் போனால் வேறு மாதிரி காட்டும். எஞ்சினை ஓடவிட்டு, கார் நிற்கும்போது பெடலை ஒரே அழுத்தாக மிதித்துப் பிடியுங்க. எங்கேயும் ஒழுகல் இல்லாமல், ஆறின நிலையிலும் அது மெல்ல மெல்ல இறங்கினால் பம்பைச் சந்தேகிக்கலாம். பெடல் கல்லு மாதிரி இறுகினால், மிதிக்கும் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் பூஸ்டர் பக்கம் பார்க்க வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டு நாலைந்து தடவை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் பண்ணுங்க. பெடல் கொஞ்சம் தணிந்தால் பூஸ்டர் வேலை செய்கிறது. கீச்சென்ற சத்தம் பேட் தேய்ந்ததற்கு முதல் அறிகுறி, கரகரவென்று அரைத்தால் இரும்பு இரும்பில் படுகிறது, அதோடு ஓட்டவே கூடாது. பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் உதறினால் பெரும்பாலும் டிஸ்க் சீரில்லாமல் தேய்ந்திருக்கும். இறக்கத்தில் இறங்கி நிறுத்தியதும் நாலு சில்லுக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்க, டிஸ்க்கைத் தொட்டுவிடாதீங்க. ஒன்று மட்டும் அனல் அடித்தால் அங்கேதான் பிரேக் இறுகியிருக்கிறது.

வருடா வருடம் புகைச் சான்றிதழ் எடுக்கிறோமே, அதில் பிடிபடாதா என்று கேட்காதீங்க. அங்கே புகையைத்தான் பார்ப்பார்கள்.

புசல்லாவையில் பின்னைச் சுத்தம் பண்ணி கிரீஸ் போட்டு, ரப்பர், பேட், ஒயில் மாற்றி, காற்று எடுத்துக் கொடுத்தார். கழற்றினதெல்லாம் ஒரு பையில் போட்டு, கேட்காமலே கையில் தந்தார். முதல் பில்லில் பாதி கூட வரவில்லை. இப்போது இறக்கம் முழுக்க இரண்டாம் கியரில் வருகிறேன், பெடல் கெட்டியாக நிற்கிறது.

சுரண்டின பம்பின் படம், தேய்த்த பேட், "புதியது" என்று எழுதின பில் மூன்றையும் வைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். அவர்களின் தொலைபேசி இலக்கம் 1977. கேட்டால் பற்றுச்சீட்டு கொடுத்தே ஆகவேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது, அதனால் எழுதி வாங்காமல் வராதீங்க. முறைப்பாடு முடியும்வரை கராஜின் பெயரைச் சொல்ல மாட்டேன், இன்பொக்ஸில் கேட்க வேண்டாம். நேற்று அங்கிருந்து கோல் வந்தது. பாதிப் பணம் தருகிறார்களாம், முறைப்பாட்டை வாபஸ் வாங்க வேண்டுமாம். முழுப் பணமும் வராமல் அந்தப் பேச்சே இல்லை என்று சொல்லிவிட்டேன்.