உங்கள் விண்டோஸை உங்களுக்கே விற்பார்கள்: மடிக்கணினியைக் கடையில் கொடுக்கும் முன் படியுங்கள்

சென்ற வாரம் என் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை பள்ளி வாசலில் என்னை நிறுத்தினார். "மகளின் லேப்டாப்பில் விண்டோஸ் 11 போட வேண்டும் டீச்சர். 2,500 ரூபாய் கேட்கிறார்கள். நியாயமான விலைதானா?" என்று கேட்டார். எந்தக் கடை என்று விசாரித்தேன். அதே கடை. 2024 ஜனவரியில் என்னிடமும் அதே 2,500 ரூபாயை வாங்கிய கடை. இதை அப்போதே எழுதியிருக்க வேண்டும்.

கடையின் பெயரை எழுதப் போவதில்லை. பெயரைத் தெரிந்துகொண்டால் கும்பகோணத்துக்காரர்கள் மட்டும் தப்பிப்பார்கள். ஏமாற்றும் முறையைத் தெரிந்துகொண்டால் எந்த ஊர்க்காரரும் தப்பிக்கலாம்.

என் மடிக்கணினி 2021இல் வாங்கியது. வாங்கும்போதே விண்டோஸ் 10 ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் அதில் இருந்தது. மூன்று ஆண்டுகள் ஒரு தொந்தரவும் இல்லை. 2024 பொங்கல் விடுமுறையில் ஓர் அப்டேட் மட்டும் ஏறாமல் அடம்பிடித்தது. ஒவ்வொரு முறையும் 0எக்ஸ்80070643 என்ற பிழை எண் வந்து நின்றுவிடும். மற்றபடி கணினி நன்றாகவே ஓடியது. ஆனாலும் வங்கிக் கணக்கை அதில்தான் பார்க்கிறேன் என்பதால் பயந்துபோய்க் கடைக்கு எடுத்துச் சென்றேன்.

கடையில் இருந்த இளைஞர் இரண்டு நிமிடம் பார்த்தார். "வைரஸ் ஏறி விண்டோஸ் கெட்டுப்போய்விட்டது டீச்சர். ஃபார்மேட் செய்துதான் ஆக வேண்டும். ஒரிஜினலே போட்டுத் தருகிறேன்" என்றார். என் கோப்புகள் என்ன ஆகும் என்று கேட்டேன். "எல்லாவற்றையும் பேக்கப் எடுத்துவிடுவோம்" என்றார். ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார்: ஒரிஜினல் விண்டோஸ் 2,500, பேக்கப் 800, சர்வீஸ் 500. ஆக 3,800 ரூபாய்.

மறுநாள் மாலை கணினி திரும்பி வந்தது. ஒரே சி டிரைவாக இருந்தது இப்போது சி, டி, இ என்று மூன்றாகியிருந்தது. விண்டோஸ் 10 ப்ரோ என்று காட்டியது. "உங்களிடம் இருந்தது சாதாரண ஹோம் டீச்சர், உயர்ந்ததாகவே போட்டிருக்கிறேன். ரெகவரி என்று ஒரு பார்ட்டிஷன் இடத்தை வீணாக அடைத்துக்கொண்டிருந்தது, அதையும் எடுத்துவிட்டேன்" என்றார். நான் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்றிரவு ‘அப்பாயி’ என்ற ஃபோல்டரைத் தேடினேன். இல்லை.

என் அப்பாயி 2022இல் இறந்துபோனார். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் அவர் பாடிய பதினொரு பாட்டுகளைக் கைபேசியில் பதிவு செய்து கணினிக்கு மாற்றி வைத்திருந்தேன். நடவுப் பாட்டு, தாலாட்டு, நான்கு ஒப்பாரிகள். ஒப்பாரியை வீட்டுக்குள் பாடக் கூடாது என்று சொல்லி, என்னை வயல் வரப்புக்கு அழைத்துப் போய் உட்கார்ந்து பாடினார். பின்னால் வாய்க்கால் ஓடும் சத்தமும் அந்தப் பதிவுகளில் இருந்தது. அந்தக் கைபேசியைப் பிறகு மாற்றிவிட்டேன். அந்த ஃபோல்டர் சி டிரைவில் நேரடியாக இருந்தது.

கடைக்கு ஓடினேன். "டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் எல்லாம் எடுத்திருக்கிறோமே. சி டிரைவில் தனியாக வைத்தால் எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். 800 ரூபாய் வாங்கியபோது சொன்ன ‘எல்லாம்’ என்ற சொல்லுக்கு இதுதான் பொருளாம்.

திருச்சியில் அழிந்த கோப்புகளை மீட்டுத் தருபவர் ஒருவரிடம் போனேன். என்ன வகை டிஸ்க் என்று பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினார். பழைய ஹார்டு டிஸ்க்கில், அழித்த கோப்பின் மேல் வேறொன்று எழுதப்படும் வரை அது அங்கேயே கிடக்குமாம். என் கணினியில் இருந்த புதுவகை டிஸ்க்கான எஸ்எஸ்டியில் அப்படியில்லை. ஃபார்மேட் செய்ததும் ‘இந்த இடமெல்லாம் இனி வேண்டாம்’ என்று விண்டோஸ் சொல்லிவிடும், எஸ்எஸ்டி தானாகவே அந்த இடத்தைத் துடைத்து வைத்துக்கொள்ளும். இதற்கு ட்ரிம் என்று பெயர். "என்னால் ஆகாதம்மா, காசு வாங்கிக்கொண்டு உங்களை அலைக்கழிக்க மனம் வரவில்லை" என்றார். அந்த நேர்மைக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஜூலை கடைசியில் திரையின் வலது மூலையில் ‘ஆக்டிவேட் விண்டோஸ்’ என்று மங்கலான எழுத்து வந்து உட்கார்ந்தது. கடைக்குத் தொலைபேசியில் பேசினேன். "ரெனியூ செய்ய வேண்டும் டீச்சர், ஆயிரம் ரூபாய் ஆகும்" என்றார். ஒரிஜினல் என்று சொல்லி விற்றதற்கு ஆறு மாதத்தில் ரெனியூவலா? அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

ஆடிப்பெருக்குக்கு அக்கா மகன் பெங்களூருவிலிருந்து வந்திருந்தான். கணினி வேலையில் இருப்பவன். காவிரிக்குப் போய் வந்த ஈரம் காயும் முன்பே அவனைப் பிடித்து உட்காரவைத்தேன். அவன் காட்டியவற்றைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கறுப்புத் திரையைத் திறந்து ‘எஸ்எல்எம்ஜிஆர் /டிஎல்ஐ’ என்ற கட்டளையைக் கொடுத்தான். வந்த பெட்டியில் ‘வால்யூம் கேஎம்எஸ் கிளையன்ட்’ என்று இருந்தது. அது பெரிய நிறுவனங்களுக்கான உரிம முறை. நூற்றுக்கணக்கான கணினிகள் உள்ள இடத்தில், ஒவ்வொன்றும் அந்த நிறுவனத்தின் சர்வரிடம் அனுமதி வாங்கிக்கொள்ளும். அந்த அனுமதி 180 நாள் செல்லும், அதற்குள் புதுப்பிக்க வேண்டும். என் வீட்டில் ஏது சர்வர்? சர்வரைப் போல நடிக்கும் திருட்டுக் கருவி ஒன்றைக் கணினிக்குள்ளேயே வைத்திருந்தார்கள். அது எப்படியோ வேலை செய்யாமல் போனதால்தான் குட்டு வெளிப்பட்டது.

அடுத்து விண்டோஸ் செக்யூரிட்டியில், சோதனையிலிருந்து விலக்கப்பட்டவை என்ற பட்டியலைத் திறந்தான். நான் கேள்விப்பட்டே இராத ஒரு ஃபோல்டர் அதில் இருந்தது. அந்தக் கருவி இருக்கும் இடம் அதுதான். காவலுக்கு இருக்கும் மென்பொருள் பிடித்துவிடக் கூடாது என்பதற்காக, ‘இங்கே மட்டும் பார்க்காதே’ என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். அந்த நிலையில்தான் ஆறு மாதமாக என் வங்கிக் கடவுச்சொல்லை அதே கணினியில் தட்டிக்கொண்டிருந்தேன். பணம் எதுவும் போகவில்லை. ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மூன்றாவதாக அவன் காட்டியதுதான் என்னை உலுக்கிவிட்டது. பவர்ஷெல் என்ற கட்டளைத் திரையில் ஒரு வரி கொடுத்தான். ஐந்தைந்து எழுத்தாக இருபத்தைந்து எழுத்துகள் திரையில் வந்தன. "சித்தி, இது உங்கள் விண்டோஸின் சாவி. மதர்போர்டிலேயே பதிந்திருக்கிறது. 2021இல் கணினி வாங்கியபோதே இதற்கும் சேர்த்துத்தான் பணம் கொடுத்திருக்கிறீர்கள்" என்றான். 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து விண்டோஸுடன் விற்கப்படும் மடிக்கணினிகளில் தயாரிப்பாளர்களே இப்படிப் பதித்து அனுப்புகிறார்கள். டிஸ்க்கை எத்தனை முறை ஃபார்மேட் செய்தாலும் இது அழியாது. அதே பதிப்பைத் திரும்பப் போட்டால், அது தானாகவே இந்தச் சாவியைப் படித்துக்கொள்ளும். அதாவது ஒரு பைசா செலவில்லாமல் என் ஹோம் சிங்கிள் லாங்குவேஜை அவர் திரும்பப் போட்டிருக்கலாம். ஆனால் அப்படிச் செய்தால் 2,500 ரூபாய்க்குக் கணக்கு ஏது? அதனால்தான் ப்ரோவைப் போட்டிருக்கிறார். ஹோமின் சாவி ப்ரோவுக்குப் பொருந்தாது. அதற்காகத் திருட்டுக் கருவி.

வீணாக இடத்தை அடைத்துக்கொண்டிருந்ததாக அவர் சொன்ன ரெகவரி பார்ட்டிஷனைப் பற்றியும் கேட்டேன். கணினி எழ மறுக்கும்போது நீல நிறத் திரையில் பழுது நீக்கவும், கடைசி அப்டேட்டைக் கழற்றவும், விண்டோஸைப் புதிதாக்கவும் வழிகள் வருகின்றனவே, அவை அந்தச் சிறு பகுதியிலிருந்துதான் வருகின்றன. பல கணினிகளில் கடையிலிருந்து வந்த நாளின் நிலைக்கே திரும்புவதற்கான பிரதியையும் தயாரிப்பாளர் இன்னொரு பகுதியில் வைத்திருப்பார். ‘ரீஏஜென்ட்சி /இன்ஃபோ’ என்று அவன் தட்டிப் பார்த்தான். ‘டிஸேபிள்டு’ என்று வந்தது. இடம் குறிக்க வேண்டிய வரி வெறுமையாக இருந்தது. முறையாக நிறுவாமல், தயாராக வைத்திருக்கும் பிரதி ஒன்றை அப்படியே கொட்டியிருக்கிறார்கள் என்றான்.

அந்தப் பிழை எண் ஏன் வந்தது தெரியுமா? 2024 ஜனவரி 9 அன்று மைக்ரோசாஃப்ட் கேபி5034441 என்ற அப்டேட்டை வெளியிட்டது. அது ரெகவரி பகுதியில் இருந்த ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைப்பதற்கானது. அதற்கு அந்தப் பகுதியில் 250 எம்பி இடம் காலியாக இருக்க வேண்டும். இல்லாத கணினிகளில் எல்லாம் ‘இடம் போதவில்லை’ என்று சொல்வதற்குப் பதிலாக இந்த எண் வந்தது. வைரஸும் இல்லை, விண்டோஸ் கெட்டுப்போகவும் இல்லை. அந்தப் பகுதியைக் கொஞ்சம் பெரிதாக்கினால் தீர்ந்திருக்கும். எதுவும் செய்யாமல் விட்டிருந்தாலும் கணினி ஓடியிருக்கும், அப்பாயியின் குரலும் இருந்திருக்கும்.

சரிசெய்தது பெரிய வேலையாக இருக்கவில்லை. இருந்த கோப்புகளை வெளி டிஸ்க்கில் நாங்களே நகலெடுத்தோம். கணினியின் அடியில் உள்ள சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் கொடுத்ததும், அந்த மாடலுக்கு உரிய ரெகவரி பிரதி இலவசமாகக் கிடைத்தது. அது ஒரு 32 ஜிபி பென்டிரைவில் இறங்குவதற்கு ஓர் இரவு ஆனது. காலையில் பென்டிரைவிலிருந்து கணினியை எழுப்பினோம். சி, டி, இ எல்லாம் போய், பழைய அமைப்பு ரெகவரி பகுதியோடு திரும்பி வந்தது. வைஃபையில் இணைத்ததும் ஆக்டிவேட் ஆகிவிட்டது. கணினியோடு வந்த ஆஃபிஸ் 2019உம் என் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே பத்திரமாக இருந்தது. அதையும் மறைத்து, கடைக்காரர் திருட்டு ஆஃபிஸ் ஒன்றைப் போட்டிருந்தார். வங்கிக் கடவுச்சொற்களை வேறு கருவியிலிருந்து மாற்றினேன். செலவு, பென்டிரைவின் விலை மட்டும்தான்.

தயாரிப்பாளர் அப்படிப் பிரதி தராவிட்டால், மைக்ரோசாஃப்டின் தளத்தில் உள்ள மீடியா கிரியேஷன் டூல் மூலம் 8 ஜிபி பென்டிரைவிலேயே நிறுவல் டிரைவ் செய்துகொள்ளலாம். காலியான டிஸ்க்கில் நிறுவினால் விண்டோஸ் தனக்கான ரெகவரி பகுதியைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். இன்டெல் 11ஆம் தலைமுறையையும் அதற்குப் பிந்தைய தலைமுறைகளையும் சேர்ந்த ப்ராசஸர் உள்ள பல கணினிகளில் நிறுவும்போது டிஸ்க்கே இல்லை என்று காட்டும். டிஸ்க்கை அடையாளம் காண உதவும் ஸ்டோரேஜ் டிரைவர் என்ற சிறு மென்பொருளைத் தயாரிப்பாளர் தளத்திலிருந்து எடுத்துக் கொடுத்தால் டிஸ்க் தெரிந்துவிடும். இதைக் காட்டி "எஸ்எஸ்டி போய்விட்டது, புதிது போட வேண்டும்" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்.

கடையில் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், கொடுக்கும் முன் செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள். எந்தப் பதிப்பு என்பது அதில் இருக்கும். திரும்ப வாங்கும்போது அதே பதிப்புதானா என்று கடையிலேயே பாருங்கள். டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருந்தால், அதாவது பூட்டப்பட்டிருந்தால், 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். கோப்புகளை நீங்களே நகலெடுங்கள், முழு சி டிரைவையும் பார்த்து எடுங்கள். அவர் எடுப்பார் என்று மட்டும் நம்பாதீர்கள். ஜிஎஸ்டி எண்ணுள்ள பில்லைக் கேளுங்கள். "பில் வேண்டுமென்றால் விலை கூடும்" என்றால் வேறு கடைக்குப் போங்கள்.

நான் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனபோது, "எல்லாக் கடையிலும் இப்படித்தான் போடுகிறார்கள்" என்று சொன்னாரே தவிர ஒரு வருத்தமும் தெரிவிக்கவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் விசாரித்துவிட்டு, துண்டுச்சீட்டின் நகலும் யுபிஐ கட்டணப் பதிவும் இணைத்துப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்கலாம் என்பதையும் அதில் எழுதியிருந்தேன். பத்து நாளில் ஒரு பையன் 2,500 ரூபாயை உறையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தான். பேக்கப்புக்கு வாங்கிய 800ஐப் பற்றிப் பேச்சே இல்லை.

மாணவியின் தந்தையை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னேன். அவர்களுடையது இன்டெல் 10ஆம் தலைமுறைக் கணினி, விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பும் அதில் இருக்கிறது. உரிமமுள்ள விண்டோஸ் 10 இருந்தால் அத்தகைய கணினிக்கு விண்டோஸ் 11 இலவசம். அப்டேட் பக்கத்தைத் திறந்தபோது அது அங்கேயே காத்திருந்தது. முதலில் எல்லாவற்றையும் நகலெடுத்துவிட்டு ஏற்றினோம். எந்தக் கோப்பும் போகவில்லை.

அந்தக் கடையில் ‘ஒரிஜினல் விண்டோஸ்’ வாங்கி ஏமாந்தவர்கள் இன்னும் இருப்பார்கள். ஆணையத்துக்குப் போக நினைப்பவர்கள் என்னிடம் சொல்லுங்கள். துண்டுச்சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன், சாட்சி சொல்ல வருகிறேன்.